முதுகுக்கு பேட்ஜ் கிடையாது

"கதிர்வீச்சு உடம்புக்கு ஒண்ணும் செய்யாதா தம்பி?"

பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார் கேட்ட முதல் கேள்வி இதுதான். மாப்பிள்ளைக்கு ஸ்கேன் அறையில் வேலை என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். கல்யாணமாகி 18 வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் தீபாவளிக்குப் போனால் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அதையே கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார். நானும் டி.எல்.டி. பேட்ஜ் கதையைச் சொல்வேன். எக்ஸ்ரே, சி.டி. பிரிவில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு சின்ன பேட்ஜ் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் இருக்கும் வில்லைகள் தங்கள் மேல் பட்ட கதிர்வீச்சின் சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 3 மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால், பிடித்து வைத்ததை ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்து, இந்த ஆள் மேல் இவ்வளவு பட்டிருக்கிறது என்று அறிக்கை தருவார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு 5 ஆண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு வந்த அறிக்கைகளில் பூஜ்யம், அல்லது பூஜ்யத்துக்கு அடுத்த வீடு.

மாமனார் தலையாட்டிவிட்டு ரசத்துக்கு வருவார். நான் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் நான் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன் என்பது.

எங்கள் சி.டி. அறைக்கு ஒரு நாளைக்கு 30 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 பேராவது படுத்தபடியே டிராலியில் வருவார்கள். டிராலியிலிருந்து டேபிளுக்கு ஒருமுறை, டேபிளிலிருந்து டிராலிக்கு ஒருமுறை. எங்கள் அறையில் மட்டும் 20 தடவை. வார்டில் கட்டிலிலிருந்து டிராலிக்கும், திரும்பக் கட்டிலுக்கும் மாற்றுவது தனிக் கணக்கு. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், இரண்டு நிமிஷ ஸ்கேனுக்காக அந்த உடம்பை நான்கு முறை இடம் மாற்றுகிறோம். என் பக்கமிருந்து பார்த்தால் வருஷத்துக்கு 300 நாள் வேலை, 6,000 தடவை. இதைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு பேட்ஜ், ஆய்வகம், வரம்பு, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. எல்லோர் கண்ணெதிரேயும் நடக்கிற தூக்கலுக்கு "ஒரு கை பிடிங்க சார்" என்பதுதான் நடைமுறை.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழைக்காலம், ராத்திரி பத்து மணி இருக்கும். பக்கவாதம் என்று ஒரு பெரியவரைக் கொண்டு வந்தார்கள். நல்ல ஆகிருதி, 95 கிலோவுக்குக் குறையாது. பக்கவாதத்தில் நேரம்தான் எல்லாம் என்பதால் கேஷுவாலிட்டியிலிருந்து ஓடி வருகிறார்கள். ஆள் போதவில்லை. நான், ஒரு வார்டு பாய், பெரியவரின் மருமகன். மருமகன் ஜவுளிக்கடைக்காரர், தூக்கிப் பழக்கமில்லாதவர். ஆனால் பாசம் நிறைய. அதுவே ஒரு பிரச்சினை.

டேபிள் பக்கம் நான் நின்றேன். டேபிள் விளிம்பு தொடையில் இடிக்க, அதன் மேல் குனிந்து, கையை முழுக்க நீட்டி, பெரியவருக்கு அடியிலிருந்த பெட்ஷீட்டின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். இதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. மூணு என்று சொல்லும்போதே தூக்க வேண்டுமா, மூணு சொல்லி முடித்த பிறகா? ஒவ்வொரு மருத்துவமனையிலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் இதற்கு வேறு வேறு பதில். மருமகன் மூணு என்றதும் இழுத்தார். வார்டு பாய் அரை நொடி கழித்துத் தூக்கினார். அந்த அரை நொடி 95 கிலோவின் பெரும் பங்கு என் நீட்டிய கைகளில் இருந்தது. இடுப்புக்குக் கீழே யாரோ விரலைச் சொடக்கியது போல ஒரு சத்தம். வலிகூட உடனே வரவில்லை.

பெரியவருக்கு ஸ்கேன் எடுத்தேன். ரத்தக் கசிவு இல்லை. டாக்டருக்கு போன் பண்ணிச் சொன்னேன், அவர்களும் மருந்து போடக் கிளம்பினார்கள். டேபிளிலிருந்து திரும்ப டிராலிக்கும் நானேதான் இன்னொரு முறை தூக்கினேன். அந்த முட்டாள்தனத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அப்புறம் கன்சோல் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

நாலாம் நாள் எங்கள் எம்.ஆர்.ஐ. மிஷினில் நானே படுத்தேன். ஆயிரக்கணக்கான பேருக்கு "ஆடாம இருங்க, சத்தம் வரும், பயப்படாதீங்க" என்று சொன்னவன் அந்தக் குழாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றிருந்தேன். படம் வந்ததும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. முதுகெலும்பின் அடிப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் எல்4-எல்5 வட்டு கறுத்துப்போய் பின்பக்கம் பிதுங்கியிருந்தது. இப்படி எத்தனை படம் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் வேறு ஒருவர் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படித் தூக்கக் கூடாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். நன்றாகவே தெரியும்.

கல்யாணமான புதிதில் இரண்டரை வருஷம் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருந்தேன். முதல் வாரம், இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியை டிராலியில் கொண்டு வந்தார்கள். ஊர்ப் பழக்கத்தில் போய் இரண்டு அக்குளுக்கும் அடியில் கை கொடுத்தேன். கூட இருந்த உதவியாளர் அம்மா, எனக்கு அம்மா வயதுதான் இருக்கும், என் கையைத் தட்டியே விட்டார். திட்டவில்லை. "இங்கே நாங்கள் தூக்குவதில்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. தூக்காமல் எப்படி மாற்றுவது?

சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் பலகையை எடுத்து வந்தார். ஏறத்தாழ ஆள் நீளம், வழவழவென்று, ஓரங்களில் கை நுழைக்க ஓட்டைகள். பாட் ஸ்லைடு என்று அதற்குப் பெயர். பாட்டியை ஒரு பக்கமாக லேசாக ஒருக்களித்து, விரிப்புக்கு அடியில் பலகையைப் பாதி செருகினார். மீதிப் பாதி டேபிள் மேல் கிடந்தது. டிராலிக்கும் டேபிளுக்கும் நடுவே பாலம் போட்டாயிற்று. டேபிளை டிராலியைவிட ஒரு விரல்கடை தாழ்த்தினார். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குவது போலத்தான். அந்தப் பக்கம் இருவர் விரிப்பை இழுக்க, இந்தப் பக்கம் நாங்கள் இருவர் தள்ள, பாட்டி படுத்த வாக்கிலேயே நகர்ந்து போனார். யாரும் யாரையும் தூக்கவில்லை. பாட்டி "முடிஞ்சுதா?" என்கிற மாதிரி பார்த்தார்.

பலகைக்குத் தம்பி ஒன்று உண்டு, வழுக்கு விரிப்பு. இரண்டு அடுக்காக இருக்கும் நைலான் துணி. கேரம் போர்டில் பவுடர் தூவியதும் காய் எப்படி ஓடும்? அதே தத்துவம்தான். கனம் குறையாது, உரசல் குறையும். கிடைவாக்கில் நகர்த்தும்போது நம்மோடு மல்லுக்கட்டுவது கனம் இல்லை, உரசல். இது தெரியாததால்தான் நாம் உரசலைத் தவிர்க்க ஆளையே காற்றில் தூக்குகிறோம்.

இதற்கெல்லாம் அங்கே பின்னணி ஒரு சட்டம். 1992-இல் கொண்டுவந்து 1993 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கையால் சுமை கையாளுவது பற்றிய அந்த விதிகளில், இத்தனை கிலோ வரை தூக்கலாம் என்று ஒரு எண்ணைத் தேடினால் கிடைக்காது. முதலில் தூக்காமல் தவிர்க்க முடியுமா பார்; முடியாவிட்டால் ஆபத்தை மதிப்பிடு; அப்புறம் அதைக் குறை. இந்த வரிசைதான் சட்டம். 1998-இல் தூக்கும் கருவிகளுக்கென்று தனி விதி வந்தது. மனிதரைத் தூக்கும் கருவி எதுவானாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. தொட்டில் மாதிரித் துணியில் ஆளை உட்கார வைத்துத் தூக்கும் ஹாய்ஸ்ட்களில் அடுத்த பரிசோதனைத் தேதி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். எங்கள் ஊர் டிராலியில் நான் பார்த்த ஒரே ஸ்டிக்கர் "உபயம்" என்பது.

அந்த ஹாய்ஸ்ட் ஸ்கேன் அறைக்கு அவ்வளவு தோதான சாமான் இல்லை என்பதையும் அங்கேதான் பார்த்தேன். அதன் சக்கரக் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் ஆள் சரியான இடத்துக்கு மேலே வருவார். வார்டு கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும். சி.டி. டேபிளுக்கு அடியில் தரைவரை மோட்டார்ப் பெட்டி. கால் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சரி, கூரையில் தண்டவாளம் போட்டுத் தொங்கவிடலாம் என்றால், எக்ஸ்ரே அறைக் கூரையில் ஏற்கெனவே எக்ஸ்ரே குழாய் ஓடுகிற தண்டவாளம் இருக்கும். இரண்டும் மோதாமல் இருக்க வேண்டுமானால் கட்டடம் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும். கட்டடம் கட்டும்போது ஸ்கேன் டெக்னீஷியனை யார் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்? எல்லாம் முடிந்து பூஜைக்குத்தான் கூப்பிடுவார்கள், தேங்காய் உடைக்க.

இரண்டரை வருஷம் கழித்து ஊர் திரும்பினேன். முதல் நாள், "சார், ஒரு கை பிடிங்க" என்றார்கள். பிடித்தேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பலகை இல்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி வெட்கம். வெளிநாடு போய் வந்தவன் தூக்க மாட்டேன் என்கிறானாம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த ஷிஃப்டில் வேலை செய்ய முடியாது. நம்மிடம் தூக்குவது உதவி, பெருந்தன்மை, ஆம்பிளைத்தனம் எல்லாம் கலந்த ஒன்று. தயங்கினால் "என்ன சார், சோறு தின்னலையா?" என்பார்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதைத் தூக்குகிற லோடுமேன் கூலி பேசித்தான் தூக்குகிறார், சும்மாடு வைத்துக்கொள்கிறார், மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறார். மூட்டை வலியில் திமிறாது, அதன் மேல் குளுக்கோஸ் குழாயும் யூரின் பேக்கும் தொங்காது. நாங்கள் அதைவிடக் கனமான ஒன்றைக் கையை முழுசாக நீட்டித் தூக்குகிறோம்.

கை நீட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. இடுப்பு வட்டை நடு ஆதாரமாக வைத்த ஒரு துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முதுகுத் தசை. அது வட்டுக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி நின்று இழுக்கிறது. மறுபக்கம் நீட்டிய கையில் 50 சென்டிமீட்டர் தள்ளி சுமை. பத்துக்கு ஒன்று கணக்கு. கையில் 10 கிலோ என்றால் தசை 100 கிலோ விசையில் இழுக்க வேண்டும், அத்தனையும் வட்டின் மேல் இறங்கும். நம் மேலுடம்பின் கனம் இன்னும் கணக்கிலேயே சேரவில்லை. கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போட்டிருந்தால் அது வேறு ஐந்தாறு கிலோ.

"முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு" என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். தரையிலிருந்து பெட்டி தூக்குகிறவருக்குச் சரி. டேபிளுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் ஆளை எட்டிப் பிடிக்கிறவன் முழங்காலை மடக்கினால் டேபிளில் மூக்குதான் இடிக்கும். 1999-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாராஸ் குழுவினர் நோயாளியை இடம் மாற்றும் பல முறைகளில் முதுகெலும்பில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்து பார்த்தார்கள். தனியாக மாற்றுவது ஆபத்து என்பது எதிர்பார்த்ததுதான். இருவர் சேர்ந்து, சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காகத் தூக்கினாலும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது என்று கண்டார்கள். அதாவது சரியாகத் தூக்கும் முறை என்று நாம் தேடிக்கொண்டிருப்பது ஊரில் இல்லாத கடை.

ஒரு எண்ணும் இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பெட்டி தூக்குவதற்கு, எல்லா வசதியும் பொருந்திய நிலையிலேயே, வைத்த உச்சம் 23 கிலோ. அதே நிறுவனத்தின் வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 2007-இல் நோயாளிகளுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 35 பவுண்டு என்றார். கிட்டத்தட்ட 16 கிலோ. நோயாளி துள்ளுவார், நழுவுவார், பிடிக்கக் கைப்பிடி கிடையாது, அதனால் குறைத்தார். மனிதனின் ஒரு கால், இடுப்பிலிருந்து பாதம் வரை, உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 100 கிலோ ஆளின் ஒரு காலை முழங்கால் எக்ஸ்ரேக்காக நீங்கள் தூக்கிப் பிடித்தாலே 16 கிலோவைத் தொட்டுவிட்டீர்கள். ஐ.சி.யு.வில் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போது, மூச்சுக்குழாய் போட்ட நோயாளியின் முதுகுக்கு அடியில் காசெட்டை, அதாவது எக்ஸ்ரே படம் பதியும் தட்டை, செருக மேலுடம்பை ஒரு கையால் தூக்கி மறு கையால் தள்ளுவோமே, அதையெல்லாம் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பெட்ஷீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினால் அது தூளி ஆகிவிடும். நடு உடம்பு தொங்கும், தலையும் காலும் மேலே வரும். குழந்தைக்குச் சுகம். இடுப்பு முறிந்தவருக்கு முறிந்த இடத்திலேயே மடியும். முதுகெலும்பு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேனுக்கே கொண்டு வருகிறோம், கொண்டு வந்து தூளியில் போட்டு மடக்குகிறோம். கூடவே துவைத்துத் துவைத்து நைந்த பெட்ஷீட் பாதி வழியில் கிழிகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இன்னொரு முறை டிராலியின் பிரேக் வேலை செய்யாமல், தூக்கிய வேகத்தில் டிராலி பின்னால் நகர்ந்து, ஒரு அம்மாவின் இடுப்பு டேபிளுக்கும் டிராலிக்கும் நடுவே இறங்கிவிட்டது. கீழே விழவிடாமல் முழங்காலைக் கொடுத்துத் தாங்கினோம். அவர் பயத்தில் என் சட்டையைப் பிடித்த பிடியில் பட்டன் இரண்டு போயிற்று. எழுதி வைத்த கணக்கில் இதெல்லாம் எங்கும் இல்லை, ஏனென்றால் "ஒண்ணும் ஆகலை".

எம்.ஆர்.ஐ. அறையின் கதை தனி. அங்கே எந்தக் கருவியையும் யோசிக்காமல் கொண்டு போக முடியாது. 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப் புலத்தைப்போல சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்தில் காந்தம் தூங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தூங்காது. ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி மூன்று மணிக்கும் அப்படியே இருக்கும். இரும்பு டிராலி, இரும்பு வீல்சேர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்கு உதவியாக வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய் உயிரிழந்தது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எனக்கு அதில் உறுத்துவது, அவர் உறவினர் என்பது. தூக்குவதற்கும் தள்ளுவதற்கும் நாம் உறவினரை நம்பியிருக்கும் ஏற்பாட்டில், எந்த அறைக்குள் எது போகக் கூடாது என்று தெரியாத ஒருவர் கையில்தான் கடைசியில் சிலிண்டர் இருக்கும்.

ஆகவே அந்த அறைக்கென்று இரும்பு கலக்காத டிராலி வேண்டும். பச்சைச் சதுரம் ஒட்டியிருந்தால் எங்கும் கொண்டு போகலாம், மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் வாசலோடு சரி. சில மிஷின்களில் டேபிளையே கழற்றி வெளியே உருட்டிக்கொண்டு வரலாம். நோயாளியை வெளியே நிதானமாக மாற்றிப் படுக்க வைத்து, அப்படியே உள்ளே தள்ளிப் பூட்டிவிடலாம். ஸ்கேன் நடுவே இதயம் நின்றுவிட்டால் இந்த வசதியின் அருமை தெரியும். அந்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தரக் கூடாது. பதறி ஓடி வருகிற டாக்டரின் பையில் இருக்கும் கத்தரிக்கோல்கூட அங்கே பறக்கும். ஆளை முதலில் வெளியே கொண்டு வர வேண்டும். கழறும் டேபிள் இருந்தால் ஒருவர் போதும். இல்லாவிட்டால் மறுபடியும் பெட்ஷீட், மறுபடியும் ஒண்ணு ரெண்டு மூணு, இந்தத் தடவை கையும் நடுங்கும்.

மெத்தைக்குள் காற்றை ஊதி, அடிப்பக்கம் உள்ள பொடித் துளைகள் வழியாக விட்டு, ஆளைக் காற்றுப் படலத்தின் மேல் மிதக்க வைத்து நகர்த்தும் சாதனமும் உண்டு. ஹோவர்மேட் என்பார்கள். 150 கிலோ ஆளையும் இரண்டு பேர் விரலால் தள்ளுவது போலத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதையும் வாங்க வேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். அந்தக் கடிதம் எந்த மேஜையில் மிதக்கிறதோ.

பலகை மட்டும் வந்தது. அதுவும் சுலபமாக வரவில்லை. முதுகு விஷயத்துக்குப் பிறகு ஒன்றரை மாதம் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்ததும் கொள்முதல் பிரிவில் கேட்டேன். கோடிக்கணக்கில் மிஷின் வாங்குகிற இடம்தான். "இதனால என்ன வருமானம் வரும் சார்?" என்று கேட்டார்கள். நக்கல் இல்லை, அவர்களுடைய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. நான் விளம்பரப் பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் ஷீட் ஒன்றை அளவு சொல்லி வெட்டி வாங்கி வந்தேன். நோயாளிக்கு இல்லை, எங்களுக்குள் காட்டிப் புரிய வைக்க. எங்கள் பிரிவிலேயே கனமான ஆளைப் படுக்க வைத்து இழுத்தோம். அழகாக நகர்ந்தார், பாதியில் பலகை ஓட்டைப் பக்கம் டப்பென்று விரிசல் விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பயோமெடிக்கல் என்ஜினியர் சிரிக்கவில்லை. "இதை நோயாளிக்கு வெச்சிடாதீங்க, ஒழுங்கானதுக்கு நானே எழுதறேன்" என்றார். அவர் எழுதியதால் வந்தது. என் விரிசல் பலகைக்கு அந்தப் புண்ணியம் உண்டு.

வந்த பலகை மூன்று மாதம் கதவுக்குப் பின்னால் நின்றது. நான் ஷிஃப்டில் இருந்தால் எடுப்போம். இல்லாவிட்டால் யாரும் தொட மாட்டார்கள். "அதை வெச்சு, ஒருக்களிச்சு, எடுத்து... நாலு பேர் புடிச்சா இருபது செகண்ட் சார்." இருபது நொடி என்பது உண்மைதான். அந்த நாலு பேரைத் தேடிப் பிடிக்க ஆகும் கால் மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பலகையைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்தது நான் இல்லை, எங்கள் பிரிவின் ஆயாம்மா. ஐம்பதைத் தாண்டியவர், எடை 45 கிலோ இருந்தால் அதிகம். நான் அக்கா என்பேன். ஒரு ராத்திரி ஷிஃப்டில் நடுத்தர வயது அம்மா ஒருவர் வயிற்று வலியோடு வந்திருக்கிறார். சேலை குலைந்து கிடந்த அவரைத் தூக்க இரண்டு வார்டு பாய்கள் கிட்டே வந்ததும் அவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அழுதிருக்கிறார். "ஆம்பளைங்க வேணாம்" என்று. எங்கள் அறையில் இது தினமும் நடப்பதுதான். யாரோ முன்பின் தெரியாதவர்கள் இடுப்புக்கு அடியிலும் அக்குளுக்கு அடியிலும் கை கொடுப்பதைப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள், சொல்வதில்லை. இவர் சொல்லிவிட்டார். அக்கா ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்திருக்கிறார். நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவர், டெக்னீஷியன் பெண், நோயாளியின் மகள், அக்கா. விரிப்பை இழுத்தார்கள், அவ்வளவுதான். யார் கையும் அந்த அம்மா உடம்பின் அடியில் போகவில்லை.

மறுநாள் என்னிடம் அக்கா சொன்னது, "இத்தனை வருஷமா ஆம்பளை ஆளுக்காக வராண்டாவுல நின்னு கத்திக்கிட்டு கிடந்தேனே சார்."

அதிலிருந்து பலகை அக்காவின் ராஜ்யம். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடைப்பார். டிராலி வந்ததும் முதலில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் உதைத்துப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் வேறு டிராலி கொண்டு வரச் சொல்லுவார், அது எந்த டாக்டரின் நோயாளியாக இருந்தாலும். மூணு என்று சொல்லும்போதா, சொன்ன பிறகா என்ற பிரச்சினையையும் அவரே தீர்த்துவிட்டார். எண்ணுவதில்லை. "வா...ங்க" என்று இழுப்பார், அந்த "ங்க"வில் எல்லோரும் இழுக்க வேண்டும். வார்டு பாய்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். இப்போது அவர்களும் "வா...ங்க" என்கிறார்கள்.

போன வாரம் ஐ.சி.யு.விலிருந்து போன். அந்த வழுக்குப் பலகையை ஒரு அரை மணி நேரம் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நான் போனை அக்காவிடம் நீட்டினேன்.

"கொடுத்தா திரும்பி வராதும்மா," என்றார் அக்கா போனில். "இருங்க, நானே எடுத்துக்கிட்டு வாரேன்."